பரிசைக் கூட்டினால் பயிற்சியில் ஆர்வம் கூடுமா?

கேள்வி: வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் பயிற்சிக்கு நான் பொறுப்பு. இணையவழிப் பாடங்களில் விளையாட்டுகளில் வருவதுபோலப் புள்ளிகள், பேட்ஜ்கள் (சாதனைச் சின்னங்கள்), தரவரிசைப் பட்டியல் எல்லாம் சேர்த்தோம். முதல் மாதம் நல்ல வரவேற்பு. இப்போது பட்டியலின் உச்சியில் இருக்கும் நான்கைந்து பேரைத் தவிர, மற்றவர்கள் பாடத்தை மளமளவென்று தள்ளிவிட்டு முடித்துவிடுகிறார்கள். பரிசுத் தொகையைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். பாடத்தின் கடைசிப் பக்கத்தைத் தொட்டால் புள்ளி கிடைக்கும் என்றால், ஊழியர்கள் கடைசிப் பக்கத்துக்குத்தான் ஓடுவார்கள். பரிசு பெரிதானால் அந்த ஓட்டம் இன்னும் வேகமெடுக்கும்.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இயல்பாகவே படம் வரைவதில் ஆசை உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களின் ஆர்வம் அப்படிக் குறையவில்லை. பெரியவர்களுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் முன்கூட்டியே அறிவித்த பரிசு, இருக்கிற ஆர்வத்தையும் அரித்துவிடலாம் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

முதலில் பாடங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் ஊழியர்கள் வேலையில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள். சேதமடைந்த பொருள் கைக்கு வந்த கோபத்தில் ஒருவர் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணத்தைத் திருப்பித் தருவதா, மாற்றுப் பொருள் அனுப்புவதா, முதலில் விவரம் கேட்பதா? இந்தச் சூழலைத் திரையில் வையுங்கள். ஊழியர் தவறான வழியைத் தேர்ந்தால் சிவப்பு எழுத்தில் ‘தவறு’ என்று காட்டி நிறுத்த வேண்டாம். வாடிக்கையாளர் குரலை உயர்த்தி, ‘உங்கள் மேலாளரைக் கூப்பிடுங்கள்’ என்று சொல்லட்டும். அங்கிருந்து நிலைமையை மீட்க ஊழியருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுங்கள். எடுத்த முடிவின் விளைவைக் கண்ணால் பார்த்து, மறுபடி முயல்வதில்தான் விளையாட்டின் உண்மையான ஈர்ப்பு இருக்கிறது. பேட்ஜ் வெறும் மேல்பூச்சு.

அதே சூழலைச் சிறிது மாற்றி, சில நாட்கள் இடைவெளி விட்டு மீண்டும் கொடுங்கள். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஐந்தே நிமிடச் சவால் போதும்.

தரவரிசைப் பட்டியலைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. யாருக்குப் பயிற்சி மிகவும் தேவையோ, அவர்களைத்தான் அது எல்லோர் முன்னிலையிலும் கடைசியில் நிறுத்துகிறது. அடுத்த மாதமும் அங்கேயே நிற்கப்போகிறோம் என்று தெரிந்தவர் எதற்காக முயல வேண்டும்? தனிநபர் பட்டியலை எடுத்துவிடுங்கள். போன வாரத்தைவிட எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்பது அவரவர் திரையில் மட்டும் தெரிந்தால் போதும். போட்டி வேண்டும் என்றால் சிறு குழுக்களாகப் பிரித்து, வாரந்தோறும் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். இந்தப் புள்ளிகளைச் சம்பள உயர்வோடு எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள். இணைத்த நாளிலிருந்து விடைகள் கைமாறத் தொடங்கும்.

பாடத்தை எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கு உங்களுக்கு உதவாது. முதல் அழைப்பிலேயே தீர்ந்த புகார்கள், மேலாளர் வரை போன அழைப்புகள் ஆகிய இரண்டையும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் குறித்து வையுங்கள். பரிசுக்காக வைத்திருக்கும் தொகையை, அனுபவமுள்ள ஊழியர்கள் வேலை நேரத்திலேயே உட்கார்ந்து புதிய சூழல்களை எழுதுவதற்குச் செலவிடுங்கள். எந்த இடத்தில் அழைப்பு கைமீறிப் போகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.