மாட்டு டிரஸர் பதில்கள்: ராத்திரியில் லோரி ஏற்றலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோமாரியைப் பற்றித்தான், அதாவது மாட்டுக்கு வரும் கால், வாய் நோய். பெஸ்தாரி ஜெயா பாசாரில் மீன் வாங்கப் போனாலும் என்னை நிறுத்தி இதையே கேட்கிறார்கள். அதனால் கோழிச் சளியும் நாய்ச் சொறியும் அடுத்த இதழுக்கு. கேட்டவர்கள் பெயரும் தோட்டத்தின் பெயரும் போடவில்லை. காரணம் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

டிரஸர் ஐயா, ஓடைக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் மாடுகளுக்கு வாயில் நுரை, கால் நொண்டல். வெட்னரி ஆட்கள் கோமாரி என்று சொல்லி, இந்த வட்டாரத்திலிருந்து ஆடு மாடு எதுவும் வெளியே போகக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். எனக்கு 14 உருப்படி, கறவையில் 5. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என்று வளர்த்த 3 காளைகளுக்கு முன்பணமும் வாங்கிவிட்டேன். ஒரு வியாபாரி பாதி விலைக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிக்கொள்கிறேன் என்கிறார். என் மாடுகள் நன்றாக மேய்கின்றன. கொடுத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி.

'நன்றாக மேய்கின்றன' என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கோமாரி உடம்பில் ஏறி வெளியே தெரிய 2 நாளும் ஆகும், 14 நாளும் ஆகும். நாக்கில் கொப்புளம் வருவதற்கு முன்பே மாட்டின் மூச்சிலும் பாலிலும் கிருமி வந்துவிடும். நீங்கள் நல்ல காளை என்று ஏற்றி அனுப்புவது, போய் இறங்கும் கொட்டகையில் மூன்றாம் நாள் வாய் ஒழுகி நிற்கலாம்.

பயத்தில் விற்றுத் தள்ளும் விலங்கு என்ன செய்யும் என்பதை மலேசியா ஒரு தடவை பார்த்துவிட்டது. 1998 கடைசியில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் நிப்பா வைரஸ் நோய் கிளம்பியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. பண்ணைக்காரர்கள் வந்த விலைக்குப் பன்றிகளை விற்றார்கள். லோரிகள் நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்குக்குப் போயின, நோயும் கூடவே போயிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட மனித உயிர்கள் போயின, பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். கோமாரி வேறு ஜாதி நோய், மனிதரைக் கொல்லாது. ஆனால் பாதி விலை லோரி அன்றைக்கு ஓடிய மாதிரியேதான் இன்றைக்கும் ஓடுகிறது.

அந்த வியாபாரி உங்கள் வாசலுக்கு வருவதற்கு முன் எந்தக் கொட்டகையில் நின்றார்? கேட்டீர்களா? அவர் லோரியின் பலகையில் யார் வீட்டுச் சாணி ஒட்டியிருக்கிறது? மாட்டை விற்காவிட்டாலும் அவரை உள்ளே விட்டதே போதும், உங்கள் 14 உருப்படியும் படுத்துவிடும். கிருமி பூட்ஸில் வரும், கயிற்றில் வரும், பால் தூக்கில் வரும். நோய் மாட்டுப் பக்கத்தில் நின்ற ஆளின் மூக்குக்குள் ஒரு நாள் வரைக்கும்கூட இருக்கும். இதற்கு மேல் 1953-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் இருக்கிறது. தடையை மீறி ஏற்றினால் பிடிபடுவது வியாபாரி மட்டுமல்ல, மாட்டுக்காரனும்தான்.

முன்பணம் கொடுத்தவரிடம் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் 'மாடு இல்லை' என்பதைவிட இப்போது சொன்னால் அவர் வேறு இடம் பார்ப்பார். நேராக அறுப்புக்கு மட்டும் அனுமதி தர வழி உண்டா என்று கோலசிலாங்கூரில் மாவட்ட வெட்னரி அலுவலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் இந்தப் பெருநாள் வியாபாரம் போனதுதான், நஷ்டம்தான். அதை நான் இனிப்புத் தடவிச் சொல்லப்போவதில்லை. ஆனால் காளை உயிரோடு, காலோடு உங்கள் கொட்டகையில் நிற்கும். தடை எடுத்தபிறகு அதற்கு முழு விலை உண்டு.

இப்போது மாடுகளைச் செம்பனைக்குள் அவிழ்த்து விடாதீர்கள். கட்டிப் போட்டுத் தீனி கொடுப்பது செலவுதான், தெரியும். புல்லை ஓடைப் பக்கம் போகாமல், அதற்கு நேர்மாறான திசையில் அறுங்கள். வெட்டிப் போட்ட செம்பனை ஓலையை இளசாகப் பார்த்துப் பொடியாக நறுக்கிப் புல்லோடு கலந்தால் மாடு தின்னும். செம்பனைப் பிண்ணாக்கும் கொஞ்சம் கைகொடுக்கும். கொட்டகைக்குள் வீட்டில் ஒரே ஒருவர் போகட்டும். அவருக்கென்று ஒரு ஜோடி பூட்ஸ், அது கொட்டகையைவிட்டு வெளியே வரக்கூடாது. வாசலில் ஒரு தட்டில் சலவைச் சோடா கரைத்து வையுங்கள், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம். முதலில் சாணியைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிறகுதான் அதில் கால் வைக்க வேண்டும். நம் ஆட்கள் துணி வெளுக்கும் குளோரோக்ஸை மடக் மடக்கென்று ஊற்றுகிறார்கள். சாணியும் மண்ணும் கலந்த இடத்தில் இந்தக் கிருமிக்கு அது சரியாக வேலை செய்யாது, காசுக்குத்தான் கேடு.

தடுப்பூசியை வெட்னரி இலாகாவிடமே கேட்டு வாங்குங்கள். கோமாரி வைரசில் பல ரகம் உண்டு, ஒரு ரகத்துக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது. கைப்பேசியில் பார்த்து எவனோ விற்கும் குப்பியை வாங்கிக் குத்தாதீர்கள். ஊசி போட்டவுடன் காப்பும் வந்துவிடாது, ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். ஒரே ஊசியை மாடு மாடாக மாற்றிக் குத்தினால் அந்த ஊசியே நோயைக் கொண்டுபோகும்.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு மாட்டுக்கு இரண்டு நாளாக எச்சில் ஒழுகுகிறது. வெட்னரிக்குத் தகவல் சொன்னால் மேனேஜருக்குத் தெரிந்துவிடும். ஏற்கெனவே கன்று மரங்களை மாடு கடிக்கிறது, மண்ணை மிதித்து இறுக்குகிறது என்று சத்தம். இதையே சாக்காக வைத்து எல்லா மாட்டையும் வெளியேற்றச் சொல்லிவிட்டால்?

இது வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். சொந்த நிலம் இல்லாதவன் மாடு வளர்ப்பது இன்னொருவர் தயவில்தான். கோமாரி பரவுவதற்குக் காற்றையும் லோரியையும் சொல்கிறோம், இந்தப் பயத்தை யாரும் சொல்வதில்லை. பாதிக் கொட்டகைகளில் நோய் ஒரு வாரம் ஒளிந்திருப்பது இதனால்தான்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள் அண்ணே. தடை உத்தரவு வந்துவிட்டால் மாடு இருந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. அதாவது, மேனேஜரே வெளியேற்று என்றாலும் ஏற்றிக்கொண்டு போகப் பெர்மிட் கிடையாது. நீங்கள் வெறுக்கிற அந்தக் காகிதம்தான் இப்போதைக்கு உங்கள் மாட்டுக்குக் காவல்! நீங்கள் மறைத்து, நோய் லயம் முழுவதும் பரவி, அவராகக் கண்டுபிடித்தால் அப்போது உங்கள் பக்கம் பேச ஆள் இருக்காது.

தனியாகப் போகாதீர்கள். மாடு வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து முதலில் வெட்னரிக்குச் சொல்லிவிட்டு, அதிகாரி வரும் அன்றைக்கே அவரோடு ஆபீஸுக்குப் போய் மேனேஜரைப் பாருங்கள். கட்டிப் போடுகிறோம், நடமாட விடமாட்டோம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆபீஸ் தலைமை எழுத்தரான பெரிய கிராணியிடம் ஒரு பிரதி, உங்கள் கையில் ஒரு பிரதி. அந்த மாட்டை இன்றைக்கே ஒதுக்கிக் கட்டுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் 108 பால்குடம். எப்போதும் நம் மாட்டுக்காரர்களே பால் கொடுப்பார்கள். காய்ச்சினால் பரவாயில்லை என்கிறார்கள், சரியா? (கோயில் செயலாளர்)

குடிப்பதற்குக் காய்ச்சினால் போதும், மனிதருக்கு ஆபத்தில்லை. ஆனால் பால்குடத்தில் நீங்கள் காய்ச்சிய பாலையா எடுப்பீர்கள்? பச்சைப் பாலைத்தானே. அபிஷேகப் பால் கோமுகி வழியாகக் காண்டாவில் (வடிகாலில்) இறங்கும், காண்டா ஓரம் ஆடு மேயும். அதைவிட மோசம் பால் தூக்குகள். பத்து கொட்டகையிலிருந்து தூக்கு வந்து, கோயிலில் ஒன்றோடொன்று உரசி, பத்து கொட்டகைக்கும் திரும்பிப் போகும். தடை இருக்கும்வரை கடைப் பால் வாங்குங்கள். அம்மனுக்குப் பெட்டிப் பால் ஆகாது என்று எந்த ஐயராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். மாட்டுக்காரர்களிடம் இந்த வருடம் பால் கேட்காமல், அவர்கள் பெயரில் ஒரு அர்ச்சனை செய்துவிடுங்கள். கொடுக்க முடியவில்லையே என்று அவர்களுக்கும் மனசு கஷ்டப்படும்.

பாலைப் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்று. நோய் கண்ட பசுவிடம் கன்றை ஊட்டவிடாதீர்கள். பெரிய மாட்டுக்கு நாக்கிலும் குளம்பிலும் வரும் நோய், கன்றுக்கு நெஞ்சில் போய் உட்காரும். காலையில் துள்ளிக்கொண்டிருந்த கன்று சாயந்தரம் காரணமில்லாமல் விழுந்து செத்தது என்று சொல்வார்களே, பெரும்பாலும் இதுதான். பாலைக் கறந்து, கொதிக்க வைத்து, ஆற்றிக் கொடுங்கள்.

அம்மா காலத்து வைத்தியம் ஏதாவது உண்டா? வாய்ப்புண்ணில் உப்பையும் கரியையும் தேய்க்கச் சொல்கிறார்கள்.

தேய்க்காதீர்கள். தோல் உரிந்த நாக்கில் உப்புக் கரியைத் தேய்த்தால் மாடு தின்பதையே விட்டுவிடும். வைரசைக் கொல்ல மருந்து கிடையாது. புண் ஆறும்வரை வலியைக் குறைத்து, சீழ் பிடிக்காமல் பார்த்து, ஏதாவது தின்ன வைப்பதுதான் வைத்தியம். அதற்கு நாட்டு மருந்து நன்றாகவே உதவும். தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் சொல்லும் முறையையே நானும் சொல்கிறேன்.

வாய்க்கு: சீரகம், வெந்தயம், மிளகு ஒவ்வொன்றும் 10 கிராம். அரைமணி நேரம் ஊறவைத்து, 4 பல் பூண்டு, 10 கிராம் மஞ்சளோடு அரைக்க வேண்டும். ஒரு தேங்காயைத் துருவி, 120 கிராம் வெல்லத்தோடு அதில் பிசைந்து, நாக்கிலும் மேலண்ணத்திலும் மெதுவாகத் தடவுங்கள். தினமும் புதிதாகச் செய்ய வேண்டும். காலுக்கு: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொரு கைப்பிடி, 10 பல் பூண்டு, 20 கிராம் மஞ்சள். எல்லாம் அரைத்து அரை லிட்டர் நல்லெண்ணெயில் காய்ச்சி, ஆறவைத்து, குளம்பிடுக்கைக் கழுவித் துடைத்தபிறகு போடுங்கள். குப்பைமேனி லயத்துச் சந்தில் தானாக முளைத்துக் கிடக்கும். மருதாணிதான் இப்போதெல்லாம் கூம்பில் அடைத்து வருகிறது, அது ஆகாது, இலை வேண்டும்.

மருந்தைவிட முக்கியம் தரை. ஈரமும் சாணியும் இருக்கும் சிமெண்டுத் தரையில் எந்த எண்ணெயும் நிற்காது. புண்ணில் புழு வைத்துவிட்டால், காய்ச்சல் இறங்காவிட்டால், மடி கல்லாகிவிட்டால், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

என் பேத்திக்குப் பாலர்பள்ளியில் கை, கால், வாய் நோய் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாட்டிலிருந்து ஒட்டியதா?

இல்லை அம்மா. பெயர்தான் ஒரே மாதிரி இருக்கிறது. பிள்ளைகளுக்கு வருவது பிள்ளைகளிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது, கிருமியும் வேறு. அதற்காகப் பக்கத்து வீட்டாரோடு சண்டை போட்டிருந்தால் போய்ச் சமாதானம் ஆகிவிடுங்கள். பேத்தியைக் கிளினிக்கில் காட்டுங்கள், பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.

ஊசி போட்டும் தீபகற்பத்தில் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? சபா, சரவாக்கில் இல்லையாமே.

அங்கே தடுப்பூசியே போடாமல் கோமாரி இல்லாத பகுதி என்று உலக விலங்குநல அமைப்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. அவர்களுக்குக் கடல் காவல் இருக்கிறது. நமக்கு வடக்கே தாய்லாந்து எல்லை, திருட்டு மாடு வரும் பாதை. ஊசியின் பலமும் ஆறு மாதம்தான். நம் ஆட்கள் முதல் ஊசிக்கு வரிசையில் நிற்பார்கள், இரண்டாவதுக்கு மாடு காட்டுக்குள் இருக்கிறது, பிடிக்க முடியவில்லை என்பார்கள்.

முனியாண்டி படையலுக்கு நேர்ந்துவிட்ட கிடா. ஆட்டுக்கு இந்த நோய் வராதுதானே? மாமா வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?

வரும். ஆட்டுக்கு லேசாக வரும், அதுதான் தொல்லை. ஒரு நாள் நொண்டும், மறுநாள் சரியாகிவிடும், முள் குத்தியது என்று விட்டுவிடுவோம். அதற்குள் அது இருந்த கொட்டகை மாடெல்லாம் படுத்திருக்கும். கிடாவுக்கும் அதே தடைதான், காரின் பின்சீட்டில் உட்கார வைத்தாலும் தடைதான். படையலை மாமா உங்கள் தோட்டத்துக்கு வந்து கும்பிடட்டும். அவர் வீட்டில் மாடு இருந்தால் அவரும் வரவேண்டாம், தள்ளிப் போடுங்கள். முனியாண்டி அவசரப்படுத்துகிறவர் இல்லை.

போன வருடம் கோமாரி வந்து பிழைத்த பசு. இப்போது வெயில் ஏறினால் நாய் மாதிரி மூச்சு வாங்குகிறது, முடி நீளமாக வளர்கிறது, சினையும் நிற்கவில்லை. விற்றுவிடவா?

கோமாரி விட்டுப்போகும் மிச்சம் அது, சில மாடுகளுக்கு வரும். உடம்புச் சூட்டை வெளியே தள்ளும் சக்தி கெட்டுவிடுகிறது. நம் வெயிலில் அதற்கு வாழ்க்கை கஷ்டம்தான். முழுதாகத் தீர மருந்து இல்லை. பத்து மணிக்கு மேல் நிழலில் கட்டி, மதியம் தண்ணீர் ஊற்றி, தீனியை விடியலிலும் ராத்திரியிலும் கொடுத்தால் ஓரளவு பால் தரும். இரண்டு தடவை சினைக்கு விட்டும் நிற்கவில்லை என்றால் கறவைக்கு என்று யாரிடமும் விற்காதீர்கள். வாங்குபவரும் நம்மைப்போல் ஐந்து மாட்டுக்காரராகத்தான் இருப்பார். தடை நீங்கியபிறகு, பெர்மிட் எடுத்து, அறுப்புக்கு என்று சொல்லியே கொடுங்கள்.