தேடாமல் தென்பட்டவை: ஸ்கேன் ரிப்போர்ட் கேள்வி பதில்

ஒன்றைத் தேடி ஸ்கேன் எடுத்தபோது வேறொன்று தென்பட்டவர்களின் கேள்விகளுக்குக் கதிரியக்க மருத்துவர் ஒருவர் தரும் பதில்கள்.

கே: டாக்டர், இருமலுக்காக சிடி எடுத்தேன். வலது நுரையீரல் கீழ் மடல்ல 5 மி.மீ. நாட்யூல்னு போட்டிருக்கு. வயசு 48, சிகரெட் பழக்கம் கிடையாது. கேன்சரா இருக்குமோன்னு ராத்திரி தூக்கமே வரல.

ப: நிம்மதியாகத் தூங்குங்கள். நாட்யூல் என்றால் படத்தில் புள்ளி போலத் தெரியும் சிறு கட்டி. இந்த அளவில் தெரிபவை பெரும்பாலும் பழைய தொற்று ஆறிய தழும்புகள், அல்லது நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் சிறு நிணநீர்க் கணுக்கள். நெஞ்சுப் படங்களில் தேர்ந்த மருத்துவர்களின் அமைப்பான ஃபிளைஷ்னர் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதல்படி, உங்களைப் போல ஆபத்துக் காரணி இல்லாதவருக்கு 6 மி.மீ.க்குக் குறைவான திட நாட்யூல் என்றால் மறு ஸ்கேனே தேவையில்லை. புகைப்பழக்கம் இருந்தால் 12 மாதத்தில் ஒருமுறை பார்ப்பதைப் பற்றி யோசிக்கலாம். 6 முதல் 8 மி.மீ. வரை இருந்தால் 6–12 மாதத்தில் மறு சிடி. 8 மி.மீ.ஐத் தாண்டினால் 3 மாதத்தில் சிடி, அல்லது பெட் சிடி (திசுக்களின் செயல்பாட்டையும் காட்டும் ஸ்கேன்), அல்லது பயாப்சி (துணுக்கு எடுத்துச் சோதிப்பது); எது என்பதை நாட்யூலின் ஓரம், இடம், வயது பார்த்து முடிவு செய்வார்கள்.

ரிப்போர்ட்டில் 'கிரவுண்ட் கிளாஸ்' (திடமாக இல்லாமல் மூட்டம் போலத் தெரியும் நாட்யூல்) என்று இருந்தால் கணக்கே வேறு. அது 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் 6–12 மாதத்தில் ஒருமுறை, பிறகு 2 வருடத்துக்கு ஒருமுறையாக 5 வருடம் வரை பார்க்க வேண்டும். இந்த வகை மிக மெதுவாக வளரும். ஒரு வருடம் அப்படியே இருந்ததை வைத்து விட்டுவிடக் கூடாது.

மறு ஸ்கேன் எடுப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் ஸ்கேன் 5 மி.மீ. தடிமன் துண்டுகளாக எடுத்தது என்று வையுங்கள். 5 மி.மீ. நாட்யூல் இரண்டு துண்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், ஒவ்வொரு துண்டிலும் பாதி நாட்யூலும் பாதி காற்றும் கலந்து மங்கலாகத் தெரியும். அடுத்த ஸ்கேனை 1 மி.மீ. துண்டுகளாக எடுத்ததும் அதே நாட்யூல் பளிச்சென்று தெரியும். 'வளர்ந்துவிட்டது' என்று பயந்துவிடுவார்கள். மூச்சை முழுதாக இழுக்காமல் எடுத்தாலும் அளவு மாறும். அதனால்தான் 2 மி.மீ.க்குக் குறைந்த வித்தியாசத்தை வளர்ச்சி என்று எண்ணுவதில்லை. ஆனால் 8 மி.மீ. 10 மி.மீ. ஆனால் அது சின்ன விஷயமல்ல: கன அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது.

ஆகவே ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. படங்கள் அடங்கிய குறுந்தகட்டையோ பென் டிரைவையோ வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பழைய படம் இல்லையென்றால் ஒப்பிட எங்களிடம் எதுவும் இல்லை.

கே: கிட்னி கல்லுக்கு எடுத்த சிடியில இடது அட்ரீனல்ல 2.1 செ.மீ. கட்டி தெரிஞ்சுது. பயாப்சி எடுத்துடலாம்னு ஒருத்தர் சொல்றார். பண்ணலாமா?

ப: இப்போது வேண்டவே வேண்டாம். அட்ரீனல் என்பது சிறுநீரகத்துக்கு மேலே உள்ள ஹார்மோன் சுரப்பி. அங்கே இருப்பது ஃபியோகுரோமோசைட்டோமா என்ற, ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோன்களைச் சுரக்கும் கட்டியாக இருந்தால், ஊசி பட்டதும் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு எகிறலாம். அது இல்லை என்று உறுதியாகும் வரை அட்ரீனலில் ஊசி வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் பயாப்சி தேவைப்படுவது அபூர்வம். அடினோமா என்ற சாதாரணத் தீங்கற்ற கட்டியையும் அட்ரீனல் புற்றையும் ஊசியில் வரும் துணுக்கை வைத்துப் பிரிப்பது கடினம்.

கல்லுக்கான சிடியில், உறுப்புகளைப் பளிச்சென்று காட்ட ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து போடுவதில்லை. அது இங்கே உங்களுக்குச் சாதகம். கட்டியின் அடர்த்தி எத்தனை ஹவுன்ஸ்ஃபீல்ட் (சிடியில் அடர்த்தியை அளக்கும் அலகு) என்று கேளுங்கள். தண்ணீர் 0, கொழுப்பு சுமார் மைனஸ் 100. கட்டி முழுக்க ஒரே சீராக 10 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அது கொழுப்பு நிறைந்த அடினோமா. மறு ஸ்கேன் தேவையில்லை. அளக்கும் வட்டம் கட்டியின் ஓரத்தைத் தொடக் கூடாது. பக்கத்துக் கொழுப்பும் சேர்ந்துகொண்டால் எண் பொய்யாகக் குறைந்துவிடும். கான்ட்ராஸ்ட் போட்ட பிறகு எடுத்த எண்ணுக்கு இந்த 10 கணக்கு பொருந்தாது.

படம் நல்லபடியாக இருந்தாலும் ஹார்மோன் சோதனை வேண்டும். இரவு 11–12 மணிக்கு 1 மி.கி. டெக்சாமெத்தசோன் மாத்திரை, காலை 8–9 மணிக்கு ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் அளவு. டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் சரி. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையோ, வலிப்புக்கான ஃபெனிட்டாயினோ எடுப்பவர்களுக்கு எண் தவறாகக் கூடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடர்த்தி 10க்கு மேல் என்றால் ஃபியோகுரோமோசைட்டோமாவைத் தேடும் மெட்டாநெஃப்ரின் சோதனை, உயர் ரத்த அழுத்தம் இருந்தால் ஆல்டோஸ்டிரோன்–ரெனின் ஹார்மோன் சோதனை. இதற்கெல்லாம் பார்க்க வேண்டியவர் நாளமில்லாச் சுரப்பி நிபுணர்.

கே: எம்ஆர்ஐல மூணு இடத்துல டிஸ்க் பல்ஜ். ஆபரேஷன் பண்ணணுமா சார்?

ப: டிஸ்க் பல்ஜ் என்றால் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு சற்றுப் புடைத்திருப்பது. படத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்யக் கூடாது. 1994இல் வெளியான ஆய்வில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஒரு இடத்திலாவது பல்ஜ் இருந்தது. காலில் பலம் குறைவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கே: எனக்கும் டிஸ்க் பல்ஜ், எல்4–எல்5...

ப: மேலே சொன்னதேதான்.

கே: சிறுநீரகத்துல நீர்க்கட்டி, 'போஸ்னியாக் 2எஃப்'னு இருக்கு. எஃப்னா என்ன?

ப: போஸ்னியாக் என்பது சிறுநீரக நீர்க்கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று 1 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறை. எஃப் என்றால் ஃபாலோ-அப், அதாவது தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று அர்த்தம். 6 மாதம், 12 மாதம், பிறகு வருடம் ஒருமுறையாக 5 வருடம். வெறும் 1, 2 என்றால் மறந்துவிடலாம். 3, 4 என்றால் சிறுநீரக அறுவை நிபுணரைப் பாருங்கள். 2எஃப்காரர்கள் பழைய படங்களைத் தொலைக்கக் கூடாது.

கே: ஃபேட்டி லிவர் கிரேடு 1, என்ன சாப்பிடலாம்?

ப: உணவு என் துறையல்ல. பொது மருத்துவரைப் பாருங்கள்.

கே: நாற்பது வயசு தாண்டினா முழு உடம்பு எம்ஆர்ஐ எடுத்துடறது நல்லதுதானே?

ப: அறிகுறியும் குடும்ப வரலாறும் இல்லாதவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பான ஏசிஆரும் 2023இல் அதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

கே (அதே வாசகர்): ஒத்துக்க முடியல டாக்டர். சீக்கிரம் கண்டுபிடிச்சா காப்பாத்தலாம்னு நீங்கதானே சொல்றீங்க?

ப: சில புற்றுகளுக்கு அது சத்தியம். எல்லாவற்றுக்கும் இல்லை. தென் கொரியாவில் அல்ட்ராசவுண்ட் மூலம் தைராய்டைப் பார்ப்பது பரவலானது. 1993ஐ விட 2011இல் தைராய்டு புற்று 15 மடங்கு அதிகமாகக் கண்டறியப்பட்டது. தைராய்டு புற்றால் ஏற்படும் மரணங்கள் குறையவே இல்லை. கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சுரப்பியை எடுத்தார்கள். சுரப்பி முழுதும் போனவர்களுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை, சிலருக்குக் கால்சியம் குறைபாடு, சிலருக்குக் குரல் நாண் செயலிழப்பு.

கே (வேறொரு வாசகர்): அப்ப மேமோகிராம் எல்லாம் வீணா?

ப: அப்படிச் சொல்லவே இல்லை, தயவுசெய்து யாரும் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்பகப் புற்றைத் தேடும் எக்ஸ்ரேயான மேமோகிராம் பெரிய சோதனைகளில் உயிர் காப்பதை நிரூபித்தது. அதிகம் புகைத்த 55–74 வயதினருக்குக் குறைந்த கதிர்வீச்சு சிடி எடுத்துப் பார்த்ததில், எக்ஸ்ரே எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்று மரணம் 20 சதவீதம் குறைந்தது என்று 2011இல் வெளியானது. யாருக்கு, எந்த உறுப்புக்கு, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று வரையறுத்துச் சோதித்தவை அவை. முழு உடம்பு ஸ்கேனுக்கு அப்படி ஒரு சோதனை முடிவு கையில் இல்லை.

கே (முழு உடம்பு எம்ஆர்ஐ பற்றிக் கேட்ட வாசகர்): எங்க மாமாவுக்கு அதுலதான் கிட்னி கேன்சர் தெரிஞ்சுது.

ப: அவருக்கு நல்லது நடந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். எடுத்தே தீருவேன் என்றால் ஒன்று செய்யுங்கள்: எதாவது தென்பட்டால் யார் பொறுப்பெடுத்துத் தொடர்ந்து பார்ப்பார் என்று ஸ்கேனுக்கு முன்பே ஒரு மருத்துவரிடம் பேசி வையுங்கள்.

கே: 4 மி.மீ. நாட்யூல், பயப்படணுமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் ஐந்தாறு பேரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் பதில் அங்கேயே இருக்கிறது.

கே: அம்மாவுக்கு 5 மி.மீ.தான். மூணு வருஷம் முன்னாடி மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிஞ்சுது. அவங்களுக்கும் முதல் பதில் பொருந்துமா?

ப: பொருந்தாது. நல்ல வேளை, கேட்டீர்கள். ஏற்கெனவே புற்று வந்தவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், 35 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்தக் கணக்கு எழுதப்படவே இல்லை. அம்மாவின் புற்றுநோய் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். சிகிச்சைக் காலத்தில் எடுத்த நெஞ்சு சிடி படங்களைத் தேடி எடுத்துப் போங்கள். அன்றைக்கே அந்தப் புள்ளி இதே அளவில் இருந்ததா என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.