ஆறு மாதத்தில் ஊருக்குப் போகிறவருக்குப் பிஎஃப் எதற்கு?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை நடத்துகிறேன். உள்ளூர்க்காரர்கள் 11 பேர். பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மேஸ்திரி ஒருவர் மூலம் வந்தவர்கள் 12 பேர். “ஆறு மாதத்தில் ஊருக்குப் போகிறவர்களுக்குப் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) எதற்கு? இ-ஷ்ரம் அட்டை போதும்” என்கிறார் என் கணக்கர். ஊரிலோ, உள்ளூர்ப் பிள்ளைகளின் வேலையை வெளியாட்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்று பேச்சு. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாக எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் அவை ஒன்றே. முதலில் சட்டத்தைப் பார்ப்போம்.

இஎஸ்ஐ 10 பேரோ அதற்கு மேலோ, பிஎஃப் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். மேஸ்திரி மூலம் வந்தவர்களும் உங்கள் ஆட்களாகவே கணக்கில் சேர்வதால், 23 பேர் கொண்ட உங்கள் ஆலைக்கு இரண்டும் பொருந்தும். தற்காலிகமாக வந்தவர் என்பதற்காக விலக்கு எதுவும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இருவகைச் சந்தாவும் செலுத்தப்பட வேண்டும். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு இஎஸ்ஐ-யில் உங்கள் பங்கு 3.25 சதவீதம், அதாவது 487 ரூபாய் 50 காசு. அவர் பங்கு 0.75 சதவீதம். பிஎஃப்பில் இரு தரப்பும் 12 சதவீதம், தலைக்கு 1,800 ரூபாய். பிஎஃப்புக்காக வழங்கப்படும் 12 இலக்க எண் அவர் எந்த மாநிலத்துக்குப் போனாலும் மாறாது என்பதால், ஊர் திரும்புவதால் அவர் பணம் வீணாகும் என்ற வாதம் நிற்காது.

இ-ஷ்ரம் பற்றிய குழப்பத்தைப் பல ஆலைகளில் பார்க்கிறேன். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய அந்தப் பதிவு, பிஎஃப், இஎஸ்ஐ இல்லாத அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கானது. உங்கள் ஆட்கள் அந்த வகையில் வரவே மாட்டார்கள்.

அரிசி ஆலையில் இஎஸ்ஐ-யை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பாய்லரும் பெல்ட்டும்தான். சாதாரண நோய்க்கான பணப்பயன் பெற ஆறு மாதச் சந்தாக் காலம் ஒன்றில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் நேரும் விபத்துக்கு அப்படிக் காத்திருப்பு இல்லை, முதல் நாளிலேயே கை சிக்கினாலும் பாதுகாப்பு உண்டு. உயிரிழப்பு நேர்ந்தால், எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கும் மனைவி மக்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை போய்ச் சேரும். பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அந்தச் சுமை உங்கள் தலையில் விழும். மேஸ்திரி அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார்.

1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தவர்களை மட்டுமே பார்த்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ, தானாக ரயிலேறி வந்து சேர்ந்தவரையும் மாதம் 18,000 ரூபாய் ஊதிய வரம்புக்குள் இடம்பெயர்ந்த தொழிலாளராக ஏற்கிறது. அத்தகையோர் 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில், ஆண்டுக்கொரு முறை சொந்த ஊர் போய்வரும் பயணச் செலவை முதலாளி கொடுக்க வேண்டும். அதற்கான தகுதிக்காலம், பயண வகுப்பு முதலிய விதிகளை மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூலியை மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுக்காமல், ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் நேராகச் செலுத்துங்கள். அவர் கொடுக்காமல் போனால் நீங்கள்தான் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி ஊர்ப்பேச்சு. வெளியூர் போய்ப் பிழைத்ததை நம் சீமை அறியாததல்ல. தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள், கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் போனவர்கள், தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்கள் எல்லாரும் இந்த மண்ணின் மக்கள்தாம். எதிர்த்திசையிலும் வழி உண்டு: நெல்லைக்குப் பேர் வாங்கித் தந்த இருட்டுக்கடை அல்வாவைத் தொடங்கிய குடும்பம் ராஜஸ்தானிலிருந்து வந்தது. இன்று ஆட்கள் இங்கு வருவதன் காரணமும் எளிது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0. இங்குள்ள பிள்ளைகள் படித்துவிட்டுச் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போகிறார்கள். பிசான நெல் களத்துக்கு வரும் நாளில் மூட்டை தூக்க ஆள் வேண்டும். வந்தவர்களும் கூலி முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிடுவதில்லை. வாடகையும் காய்கறியும் போன் ரீசார்ஜும் உங்கள் தெருக் கடைகளுக்குத்தான் போகின்றன.

ஆயினும் ஊர்க்காரர்களின் குறை முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். வெளியாளுக்குக் குறைந்த கூலி, 12 மணி நேர வேலை, பிஎஃப் இல்லை என்றால், அதே வேலைக்கு வரும் உள்ளூர்க்காரரின் கூலியும் இறங்கத்தான் செய்யும். அப்படி மிச்சம் பிடிக்கும் முதலாளியைப் பார்த்து ஊர் பேசுவதில் நியாயம் உண்டு. இருவருக்கும் ஒரே கூலி, ஒரே சந்தா என்று பதிவேட்டில் இருந்தால், யாரையும் மலிவுக்காக எடுக்கவில்லை என்று நீங்கள் காட்ட முடியும். உங்கள் கணக்கர் மிச்சப்படுத்தச் சொல்லும் தொகைதான் ஊரில் உங்களுக்கு வரும் கெட்ட பெயருக்கு விலை.

இன்னும் இரண்டு சிறு வேலைகள் இருக்கின்றன. அவர்களுடைய குடும்ப அட்டை தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருந்தால், தமிழ்நாட்டு நியாய விலைக் கடையிலேயே கைரேகை வைத்துத் தம் பங்கை வாங்கலாம். வீட்டார் மீதியை ஊரில் வாங்கிக்கொள்ளலாம். 2020 அக்டோபரிலிருந்து இங்கு இந்த வசதி உண்டு. முதல் முறை துணைக்கு ஒருவரை அனுப்பி வையுங்கள். பாய்லர் அருகே இருக்கும் எச்சரிக்கைப் பலகை தமிழில் மட்டும் இருந்தால், நாளைக்கே இந்தியிலும் எழுதி மாட்டுங்கள்.