லேவியராகமத்தோடு நின்றுபோகிற வாசிப்பு

அன்புள்ள ஐயாவுக்கு,

மானிப்பாயிலிருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணம் ரவுணில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஒவ்வொரு தை மாதமும், ஒரு வருடத்தில் வேதாகமத்தை வாசித்து முடிக்கிற திட்டத்தைத் தொடங்குவேன். ஆதியாகமமும் யாத்திராகமமும் ஓடிவிடும். லேவியராகமத்தில் நின்றுவிடுவேன். போனில் உள்ள செயலி, விட்ட நாட்களை எண்ணிக் காட்டும். அதைப் பார்க்கப் பயந்து இப்போது திறப்பதே இல்லை. காலை ஐந்து மணிக்கு எழும்பினால் சமையல், மகனின் பாடசாலை, பஸ். இரவில் கண் சொருகிவிடும். அம்மா இருந்த காலத்தில் பொழுதுபட்டால் வீட்டில் வாசிப்பும் ஜெபமும் தவறாது. என் வீட்டில் அது இல்லை. "ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வாசிக்கிறது போதாதா?" என்கிறார் கணவர். தரம் 7 படிக்கும் மகன், இந்தத் தமிழ் விளங்கவில்லை என்கிறான். சபையின் வட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு வாக்குத்தத்த வசனம் வரும். அதைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். அது போதுமா?

ஒரு வாசகி

---

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தச் செயலியின் நினைவூட்டலை நிறுத்திவிடுங்கள். பயந்து பயந்து திறக்கிற புத்தகத்தில் நம் குறைதான் கண்ணில் படும், தேவனுடைய சத்தம் காதில் விழாது.

நம் வேதாகமத்தின் 66 புத்தகங்களிலும் சேர்த்து 1189 அதிகாரங்கள். வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். வேலைக்குப் போய், வீட்டையும் பார்த்து, பிள்ளையையும் படிப்பிக்கிற ஒருவருக்கு இது சின்னக் காரியமல்ல. வருடத்துக்குள் முடி என்று வேதம் எங்கும் கட்டளையிடவுமில்லை. இன்றும் பலர் பின்பற்றுகிற ஓர் அட்டவணையை 1842இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரத்தில் மக்செய்ன் என்ற இளம் போதகர் தன் சபையாருக்காகத் தயாரித்தார். பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டுமுறை. அதைக் கொடுத்தபோதே அதிலுள்ள ஆபத்துகளையும் அவர் எழுதினார்: வாசிப்பு வெறும் சடங்காகலாம், வாசித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓடிவிடலாம், சிலருக்கு அது சுமக்க முடியாத நுகமாகலாம். உங்களுக்கு நேர்ந்தது அந்தக் கடைசி ஆபத்து. விசுவாசக் குறைவு என்று உங்களை நீங்களே தண்டிக்க வேண்டாம்.

லேவியராகமத்தை வெறுத்துவிடவும் வேண்டாம். பலி முறைகளும் தோல் வியாதிச் சட்டங்களும் கடினம்தான். அடுத்தமுறை 19ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்று இயேசு எடுத்துச் சொன்ன வசனம் அங்கேதான் இருக்கிறது. வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விடு என்ற சட்டமும் அதே அதிகாரத்தில்தான். அதை வாசித்த கையோடு ரூத்தின் புத்தகத்தை வாசித்தால், அந்தச் சட்டம் ஒரு விதவைக்கும் அவளுடைய மாமிக்கும் சாப்பாடு போட்டதைக் காண்பீர்கள்.

சரி, இப்போது என்ன வாசிப்பது? மாற்குவில் தொடங்குங்கள். பதினாறே அதிகாரம். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம், அதற்குமேல் வேண்டாம். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் ஒரு நாள், யவீருவின் மகள் இன்னொரு நாள். சத்தமாக வாசியுங்கள். சத்தமாக வாசித்தால் வேகம் தானாகக் குறையும், கண் தாண்டிப்போகிறதைக் காது பிடித்துக்கொள்ளும். நாலாம் அதிகாரத்தில் புயல் அடிக்கும்போது இயேசு படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்து நித்திரையாயிருக்கிறார். அந்தத் தலையணை மத்தேயுவிலும் இல்லை, லூக்காவிலும் இல்லை. கரையில் நின்ற சனத்துக்குப் படகில் உட்கார்ந்து போதித்துக் களைத்த ஒரு மனிதர், கிடைத்த இடத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். மூன்று அதிகாரத்தை முடிக்கிற அவசரத்தில் அந்தத் தலையணையைக் காணமாட்டீர்கள். கண் சொருக வீட்டுக்கு வருகிற உங்களுக்கு அது எவ்வளவு நெருக்கமான விவரம்!

நேரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விடியற்காலையில் தனியாக அமைதிநேரம் எடுப்பது நல்ல பழக்கம். ஆனால் எல்லா வீட்டுக்கும் அதையே விதியாக்குகிற பிரசங்கங்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஐந்து மணிக்கு எழும்பிக் குசினிக்குள் நிற்கிற பெண்ணை நாலு மணிக்கு எழும்பச் சொல்வது என்ன நியாயம்? உபாகமம் 6ஆம் அதிகாரம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுக்கிறபோதும், எழுந்திருக்கிறபோதும் தேவனுடைய வார்த்தைகளைப் பற்றிப் பேசச் சொல்கிறது. அன்றாடம் நடக்கிற காரியங்களோடேயே வார்த்தையைச் சேர்த்துவிடுகிறது. உங்கள் வீட்டில் மூன்று பேரும் கட்டாயம் கூடுகிற நேரம் எது? இரவுச் சாப்பாடு என்றால், கோப்பைகளைக் கழுவ எழும்புவதற்கு முன் பத்து நிமிடம். வேதாகமம் அலமாரிக்குள் இருந்தால் எடுக்கமாட்டீர்கள். சாப்பாட்டு மேசையிலேயே இருக்கட்டும்.

உங்கள் அம்மாவின் காலத்தை நினைத்து ஏங்கியிருக்கிறீர்கள். அந்த வீடுகளும் வசதியாக இருந்து வாசிக்கவில்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாதபோது, ஜாம் போத்தல் விளக்கில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, அந்தச் சின்ன வெளிச்சத்துக்குள் புத்தகத்தைச் சரித்துப் பிடித்து வாசித்தார்கள். மண்ணெண்ணெய் தங்கம் விலை. எங்கள் ஒழுங்கையில் ஒரு சங்கீதத்தை வாசித்ததும் விளக்கைத் தணித்துவிட்டு, அடுத்ததை இருட்டிலேயே பாடமாகச் சொன்ன வீடுகள் இருந்தன. பிள்ளைகள் 23ஆம், 91ஆம், 121ஆம் சங்கீதங்களைப் பாடமாக்கியது அப்படித்தான். கொஞ்சமாக வாசித்தார்கள், தினமும் வாசித்தார்கள், எல்லாருமாக வாசித்தார்கள். உங்களுக்கும் அது போதும்.

வட்ஸ்அப் வசனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அனுப்புகிறவர்கள் அன்போடுதான் அனுப்புகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது போதாது. புதுவருட ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையும் போதாது. அடிக்கடி வருகிற ஒரு வசனத்தையே பாருங்கள், எரேமியா 29:11. உங்கள்பேரில் நான் கொண்டிருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் சொல்கிறார். பூப்படத்தின்மேல் அதைப் பார்த்தால், இந்த வாரம் நல்ல செய்தி ஒன்று வரப்போகிறது என்றுதான் தோன்றும். அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். ஊரைவிட்டுப் பிடுங்கப்பட்டுப் பாபிலோனில் கிடந்த ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். கேட்க இனிமையாகத்தானே இருந்திருக்கும்! எரேமியாவோ எழுபது வருடம் என்று எழுதுகிறார். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், உங்களைச் சிறையாகக் கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். அதற்குப் பிறகுதான் அந்த வாக்குத்தத்தம் வருகிறது.

இதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த சனம், நாலைந்து நாளில் திரும்பலாம் என்று திறப்பை மடியில் கட்டிக்கொண்டு போனது. பலர் மாதங்களுக்குப் பிறகு திரும்பினார்கள். சிலர் திரும்பவே இல்லை. இன்று கனடாவிலும் பிரான்சிலும் பேரப்பிள்ளைகளை வளர்க்கிற நம் உறவுகளுக்கு எரேமியா 29 முழுவதும் எழுதப்பட்ட கடிதம்தான். தனி வசனத்தை மட்டும் கொடுத்தால், நீண்ட காத்திருப்பில் தேவன் என்ன செய்யச் சொல்கிறார் என்பதை அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறோம். நினைத்தது நடக்காதபோது வாக்குத்தத்தம் பொய்த்தது என்று மனம் உடைந்த பலரை நான் அறிவேன். அவர்களுக்கு அதிகாரத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை. குழுவில் வசனம் வரட்டும். அது எந்த அதிகாரம் என்று பார்த்து, அன்றிரவு அந்த அதிகாரத்தைத் திறவுங்கள்.

மகனுக்கு விளங்குகிற வேதாகமத்தை வாங்கிக் கொடுங்கள். 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்தது. அந்த வயதுக்கு நன்றாக விளங்கும். அவன் அதிலிருந்து வாசிக்கட்டும், நீங்கள் பழையதில் பாருங்கள். சங்கீதங்களை மட்டும் பழைய நடையிலேயே பாடமாக்க விடுங்கள், அம்மம்மாவின் ஜெபத்தில் இருந்த சொற்கள் அவனுக்கும் வேண்டும்.

கணவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஞாயிறு வாசிக்கிற பகுதிகள் சில வசனங்கள்தான், பிரசங்கம் முடியும்போது அவையும் மறந்துபோகும் என்று வாதாடலாம், ஆனால் வாதத்தால் யாரும் வாசிக்கத் தொடங்குவதில்லை. அவர் இருக்கிற மேசையிலேயே மகன் வாசிக்கட்டும். அவர் எழும்பிப் போனாலும் பரவாயில்லை, அடுத்த நாளும் வாசியுங்கள். மகன் கேட்கிற கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அவரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் இருந்து ஏசாயாவை வாசித்தபோது, "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்று வெட்கமில்லாமல் பிலிப்புவிடம் கேட்டார். உங்கள் போதகர் வீடு சந்திக்க வரும்போது தேத்தண்ணியோடு அந்தக் கொப்பியையும் முன்னால் வையுங்கள். ஒரு ஜெபம் பண்ணிவிட்டு எழும்பிப் போவதைவிட, ஒரு பிள்ளையின் கேள்விக்கு இருந்து பதில் சொல்வது அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.