பேய்க்குக் கால் உண்டா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். பேய் பிடிக்கக் கிளம்பும் சிறுவர்களைப் பற்றிய சிரிப்புக் கதைகளை மட்டும்தான் நூலகத்திலிருந்து அள்ளிக்கொண்டு வருகிறான். வேறு எதையும் தொடுவதில்லை. "ஆவிகள் நடமாடும்னு சீனர்கள் நம்புற ஏழாம் மாதத்திலாவது இதை நிறுத்தச் சொல்லு" என்கிறார் மாமியார். தடுக்கட்டுமா?
வாசகி, ஈசூன்

பதில்: வேண்டாம் அம்மா, படிக்கட்டும். ஏன் என்று சொல்ல என் ஒன்பது வயதுக்குப் போக வேண்டும்.

தோ பாயோவில் ஏழாம் மாடியில் குடியிருந்தோம். அப்போதெல்லாம் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. ஐந்தாம் மாடியில் இறங்கி மிச்சத்தைப் படியேற வேண்டும். அந்தப் படிக்கட்டில் தினமும் இரவு பத்து மணி வாக்கில் 'டொக்... டொக்...' என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்து வரச் சொன்னால்கூட நான் போக மாட்டேன்.

ஒரு நாள் அண்ணன் சொன்னான்: "பேய்க்குக் கால் கிடையாதுன்னு அப்பத்தா சொல்வாங்கல்ல? அப்போ பார்த்துடலாம்." அம்மாவின் பவுடர் டப்பாவை எடுத்துப் போய் ஆறு படிகளில் தூவினான். இருவரும் கதவிடுக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். சத்தம் வந்தது, எங்களைத் தாண்டி மேலே போனது. அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தால் பவுடரில் தடம் இருக்கிறது, ஆனால் கால் தடம் இல்லை! படிக்குப் படி குறுக்கே இரண்டிரண்டு பட்டைக் கோடுகள். அண்ணனுக்கே முகம் வெளுத்துவிட்டது.

மறுநாள்தான் தெரிந்தது. எட்டாம் மாடிச் சீனப் பாட்டி சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவிவிட்டு அந்த நேரத்துக்குத்தான் வீடு திரும்புவார். காலில் மரக்கட்டைச் செருப்பு. அதன் அடியில் இருக்கும் இரண்டு கட்டைகள்தான் பவுடரில் பதிந்திருந்தன. அம்மா எங்களை விட்டே அந்தப் படிகளைத் துடைக்கச் சொன்னார். நாங்கள் துடைப்பதைப் பார்த்த பாட்டிக்கு விஷயம் புரிந்ததும், சிரித்துச் சிரித்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டார்.

அன்றோடு என் பயம் போய்விடவில்லை. ஆனால் பயம் வந்தால் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. உங்கள் மகன் படிக்கும் கதைகள் அந்த வேலையைத்தான் கொடுக்கின்றன. வெறும் பேய்க்கதையில் பிள்ளை போர்வைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். பேய் பிடிக்கும் கதையில் டார்ச், கயிறு, உப்பு, நோட்டுப் புத்தகம் எல்லாம் எடுத்துக்கொண்டு பிள்ளையே பேயைத் தேடிப் போகும். பயம் உச்சிக்கு ஏறும் இடத்தில் ஒரு சிரிப்பு வரும், பிள்ளை மூச்சு விட்டுக்கொள்ளும், அடுத்த பக்கத்தைப் புரட்டத் தெம்பு வரும். இதைக் கச்சிதமாக எழுதுவது லேசுப்பட்ட காரியமில்லை.

இந்தக் கதைகளில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது சட்டதிட்டம். எந்தப் பேய் எதற்கு அடங்கும், எங்கே குடியிருக்கும் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு இதில் கொடுப்பினை அதிகம். நம் பேய்க்குக் கால் கிடையாது, புளியமரத்தில் இருக்கும். மலாய்க்காரர்களின் பொந்தியானாக் வாழை மரத்தில் இருக்கும், செம்பகா பூ மணக்கும். அழுகுரல் பலமாகக் கேட்டால் அது தூரத்தில் இருக்கிறதாம், மெல்லக் கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டதாம். சீனக் கதைகளில் வரும் விறைத்த பிணமோ தத்தித் தத்திப் பாயும், மூச்சை அடக்கி நின்றால் அதற்கு ஆளைத் தெரியாது. ஒரே புளோக்கில் இத்தனையும் காதில் விழுந்து வளரும் பிள்ளை வேறெங்கே கிடைக்கும்?

மாமியார் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. ஏழாம் மாதத்தில் புளோக்குக்குக் கீழே படைத்திருக்கும் பழத்தையும் ஊதுபத்தியையும் மிதிக்கக் கூடாது, கெத்தாய் என்னும் ஏழாம் மாத ஆட்டபாட்ட மேடைக்கு முன்னால் காலியாக விட்டிருக்கும் முதல் வரிசையில் உட்காரக் கூடாது. அது முன்னோருக்கும் ஆவிகளுக்கும் விட்ட இடம். நம் பயத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், பக்கத்து வீட்டார் கும்பிடுவதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. இதை மாமியாரே பேரனுக்குச் சொல்லட்டும். கூடவே அவர் ஊர்ப் பேய்க்கதை ஒன்றையும் சொல்லட்டும்.

ஒன்றே ஒன்று. படித்துவிட்டுத் தூக்கத்தில் அலறி எழுந்தால் பகலில் மட்டும் படிக்கச் சொல்லுங்கள். பாதி அத்தியாயத்தில் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். பேய் வந்த இடத்தில் நிறுத்தினால் அது ராத்திரி முழுக்க அங்கேயே நிற்கும்.

கேள்வி: தமிழில் சிரிப்புப் பேய்க்கு வழியே இல்லையா?
வாசகர், பிடோக்

பதில்: ஏன் இல்லை? பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே செயங்கொண்டார் எழுதிவிட்டாரே! கலிங்கத்துப்பரணியில் பேய்களுக்குக் கொலைப்பசி. போர் முடிந்ததும் களத்தில் கூழ் சமைத்துப் பந்தி வைக்கின்றன. பார்ப்பனப் பேய் பிச்சை கேட்டு வருகிறது. சமணப் பேய் ஒரு வேளைதான் உண்ணும், அதற்கும் கூழைத் துணியில் வடிகட்டித் தர வேண்டும். குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கவனிப்பு. போர்க்களத்துச் சமையல் என்பதால் கொடூரமும் உண்டு. அதை விட்டுவிட்டுப் பந்தியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நான் நூலகத்தில் கதை சொல்லும் நாட்களில் அப்படித்தான் செய்கிறேன். போன முறை ஒரு சின்னப் பெண் எழுந்து, "டீச்சர், சைவப் பேய்க்கு என்ன கொடுப்பாங்க?" என்று கேட்டாள். பரணியை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாட வேண்டும்போல் இருந்தது எனக்கு.

விக்கிரமாதித்தன் தோளிலிருந்து ஒவ்வொரு முறையும் முருங்கை மரத்துக்கே திரும்பிப் போகும் வேதாளம் இருக்கவே இருக்கிறது.

கேள்வி: எனக்கு 11 வயது. பேய் பிடிக்கும் கதை எழுத ஆசை. ஆனால் என் பேய் சிரிப்புக் காட்ட மாட்டேன் என்கிறது.
வாசகர், பீஷான்

பதில்: உன் பேய்க்கு என்ன வேண்டும் என்று கேட்டாயா, தம்பி? பழிவாங்க வேண்டும் என்றால் சிரிப்பு வராது. சின்னதாக ஏதாவது கேட்கட்டும். நீ இருக்கும் பீஷான் ஒரு காலத்தில் பெரிய சீன இடுகாடு. 1980களில் அங்கே வீடுகள் வந்தன. அங்கேயே பல காலம் இருந்த ஒரு தாத்தாப் பேய் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள். தன் பழைய இடம் எந்த புளோக், எத்தனையாவது மாடி என்று அதற்குத் தெரியவில்லை. மின்தூக்கியில் எந்தப் பொத்தானை அமுக்குவது? அதற்குத்தான் விரலே இல்லையே! உன் பேய் பிடிக்கும் கும்பல் அந்தக் கதவு திறக்கும்போது எதிரில் நிற்கட்டும். அங்கிருந்து நீ எழுது. முடித்ததும் எனக்கு அனுப்பு, முதல் ஆளாகப் படிக்கிறேன்.