கிராபிக்ஸ் கார்டுக்கு ஒளிரும் முட்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்று விசிறிகள் கொண்ட பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை என் கேமிங் கணினியில் புதிதாகப் பொருத்தியிருக்கிறேன். கண்ணாடிப் பக்கத்தின் வழியாகப் பார்த்தால் அதன் முன்முனை சற்றுத் தாழ்ந்திருப்பது தெரிகிறது. விளக்கு வைத்த தாங்கிகளில், கீழிருந்து தூணாக நிற்பவையும், பெட்டியின் பின்சுவரில் திருகிக் கை போல நீளுபவையும் கிடைக்கின்றன. இவற்றில் எதை வாங்கலாம்? உண்மையிலேயே தாங்கி தேவைதானா, அல்லது வெறும் அலங்காரமா?

பதில்: உங்கள் கார்டுக்குத் தேவைதான். கிராபிக்ஸ் கார்டின் எடை முழுவதையும் இரண்டே இடங்கள் சுமக்கின்றன: பெட்டியின் பின்சுவரில் உள்ள திருகுகளும், மதர்போர்டில் கார்டைச் செருகும் 89 மில்லிமீட்டர் நீள ஸ்லாட்டும். என்விடியாவே வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4090 ஃபவுண்டர்ஸ் எடிஷன் 304 மில்லிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 2.2 கிலோ எடையும் கொண்டது; ஸ்லாட் முடிந்த பிறகும் அதன் நீளத்தில் ஏறக்குறைய பாதி எந்தப் பிடிப்புமின்றி அந்தரத்தில் நிற்கிறது. இந்தச் சாய்வால் விளையாட்டின் வேகம் குறையாது, கார்டு உடனே பழுதாகிவிடவும் செய்யாது. ஆனால் ஸ்லாட்டின் கொக்கிக்கு அருகில் கார்டின் மூலைப்பகுதி ஓயாமல் வளைவு விசையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பெட்டியை நகர்த்தும்போது ஏற்படும் ஒரு குலுக்கலில் விரிசல் விழுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டு வகைகளில் நான் தூணையே பரிந்துரைப்பேன். கார்டு எந்தச் சுவரிலிருந்து தொங்குகிறதோ அதே சுவரிலிருந்துதான் கைவகைத் தாங்கியும் தொங்குகிறது. அதன் தகடு மெல்லியதாக இருந்தால், சில மாதங்களில் கார்டும் தாங்கியும் சேர்ந்தே தாழ்ந்து நிற்பதைக் காண்பீர்கள். தூணோ எடையை நேராகப் பெட்டியின் தரைக்கோ, பவர் சப்ளையை மூடியிருக்கும் தகட்டுக்கோ இறக்கிவிடுகிறது. எடை தாழும் முனையிலேயே அதை நிறுத்தவும் முடிகிறது. மேலும், ஒளிரும் படம் பொறித்த அகலமான அக்ரிலிக் தகட்டுடன் வரும் கைவகை, கார்டின் விசிறிகள் காற்றை இழுக்கும் பக்கத்திலேயே குறுக்கே வந்து நிற்கும். அழகுக்காகக் கார்டின் மூச்சை அடைப்பது நல்ல பேரம் அல்ல. பெட்டியின் அடித்தளம் முழுவதும் விசிறிகள் இருந்து, தூண் ஊன்ற இடமே இல்லை என்றால் மட்டும், தடித்த உலோகத்தில் செய்த, ஒடுக்கமான கைவகையைத் தேடுங்கள். (அதற்கு முன் கார்டு வந்த அட்டைப்பெட்டியை ஒருமுறை நன்றாகத் துழாவிப் பாருங்கள், எடை மிகுந்த கார்டுகள் பலவற்றுடன் விளக்கில்லாத தாங்கி ஒன்று சேர்ந்தே வருகிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை.)

வாங்கும் முன் கார்டை விரலால் மெதுவாக மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்து, அதன் அடிப்புறத்திலிருந்து தூண் நிற்கப்போகும் தளம் வரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவு, தூணின் குறைந்தபட்ச உயரத்துக்கும் அதிகபட்ச உயரத்துக்கும் நடுவில் வசதியாக விழ வேண்டும். அடியில் காந்தம் உள்ள தூண் எஃகுத் தகட்டில்தான் பிடிக்கும். அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் பிடிக்காது. மேல்முனையில் ரப்பர் அல்லது சிலிகோன் மெத்தை இருக்க வேண்டும். அது கார்டின் வெளிச்சட்டத்தில் பட வேண்டுமே தவிர, சுழலும் விசிறியின் இறக்கையிலோ பவர் கேபிளிலோ படக்கூடாது.

பொருத்தும்போது மின்இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். அப்போது கார்டு செங்குத்தாக நிற்பதால் சாய்வு தானாகவே நீங்கிவிடும். அந்த நிலையில் தூணை மெல்லத் தொடும் அளவுக்கு நீட்டிப் பூட்டிவிட்டு, பெட்டியை நிமிர்த்திச் சரிபார்க்கலாம். மட்டத்தையும் தாண்டி மேல்நோக்கித் தள்ளாதீர்கள். கீழ்நோக்கிய வளைவைப் போலவே மேல்நோக்கிய வளைவும் ஸ்லாட்டுக்குச் சுமைதான்.

விளக்கைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் பாருங்கள்: எல்இடிகள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியாமல், பால்நிற உறைக்குள் இருந்து ஒரே கோடாக ஒளிர வேண்டும். புள்ளிகளாகத் தெரிந்தால் அவை கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணை உறுத்தும்.

கேள்வி: நான் வாங்கிய தாங்கியின் விளக்குக் கேபிளில் மூன்று பின்களுக்கான இணைப்பி இருக்கிறது. என் மதர்போர்டில் நான்கு பின் இணைப்பிடம் மட்டுமே உள்ளது. எப்படியாவது இணைக்க முடியுமா?

பதில்: வேண்டாம். மூன்று பின் வகை, ஒவ்வோர் எல்இடியையும் தனித்தனியாக இயக்கும் ஏ.ஆர்.ஜி.பி.; அது 5 வோல்ட்டில் இயங்குவது. நான்கு பின் வகை, எல்லா விளக்குகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே நிறம் தரும் சாதாரண ஆர்.ஜி.பி.; அதில் வருவது 12 வோல்ட். வலிந்து செருகினால் எல்இடிகள் எரிந்துபோகும். பவர் சப்ளையிலிருந்து வட்டுகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிளிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிறிய ஏ.ஆர்.ஜி.பி. கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி, அதில் இணைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பின் இணைப்பிடம் ஏற்கெனவே உள்ளவர்களுக்கும் இங்கே ஒரு சொல். விசிறிகளையும் தாங்கியையும் பிரிப்பானால் ஒரே இணைப்பிடத்தில் சேர்க்கும்போது அவை எடுக்கும் மின்னோட்டத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இவ்வகை எல்இடி ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர் வரை எடுக்கக்கூடும். எனவே 20 எல்இடிகளுக்கு 1.2 ஆம்பியர் ஆகிறது. பொதுவாக ஓர் இணைப்பிடத்தின் வரம்பு 3 ஆம்பியர்தான். உங்களுடையது எவ்வளவு என்பதை மதர்போர்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணினியை அணைத்த பிறகும் தாங்கியின் விளக்கு இரவு முழுவதும் எரிகிறது. இது கோளாறா?

பதில்: கோளாறு அல்ல. கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளை ஒரு சிறு காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சில மதர்போர்டுகள் அதைக் கொண்டு விளக்குகளை எரிய விடுகின்றன. கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய, மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று, அணைந்த நிலையில் விளக்கு எரிய வேண்டுமா என்று கேட்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் காத்திருப்பு மின்சாரத்தைக் குறைக்கும் ‘இ.ஆர்.பி.’ (ErP) என்ற அமைப்பை இயக்குங்கள். அதை இயக்கிய பின் விசைப்பலகையைத் தட்டிக் கணினியை எழுப்பும் வசதி இருக்காது, பெட்டியின் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.