ஏற்காட்டுப் பண்ணைப் பள்ளி: எந்த மாதம் செல்லலாம்?

வணக்கம். ஏற்காட்டுப் பண்ணைப் பள்ளிக்கு மே மாதம் சென்றால் பிள்ளைகள் காப்பிப் பழம் பறிக்க முடியுமா என்றும், மலைப்பாதையில் சின்னவளுக்குக் குமட்டுமே என்றும் கேட்டிருந்தீர்கள். மே மாதத்தில் செடியில் பச்சைப் பிஞ்சுகளே இருக்கும். பழம் சிவந்து பறிப்பு மும்முரமாவது பெரும்பாலும் நவம்பருக்குப் பிறகுதான் என்பதால், அரையாண்டு விடுமுறையில் கம்பளிச் சட்டையோடு செல்வதே நல்லது. சிவந்த பழத்தை என் மகன் விரலால் பிதுக்கியபோது, வழுவழுப்பான சதைக்குள்ளிருந்து ஒட்டிக்கொண்ட இரண்டு வெளிர்க் கொட்டைகள் நழுவி விழுந்ததையும், அவன் அந்தச் சதையை நக்கிப் பார்த்து இனிக்கிறது என்று வியந்ததையும் நான் இன்னும் மறக்கவில்லை. சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சின்னவளுக்கு இரண்டு இட்லியோடு நிறுத்தி, சன்னலைச் சற்றுத் திறந்து வைத்து, தொலைவைப் பார்த்தபடி வரச் சொல்லுங்கள், கைப்பேசியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.